நீ பிறந்த கிழமை நான் பிடித்த மீன்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மெல்பேர்னிலிருந்து போன் எடுத்து, சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, என்ர மாமி, சுபாவின்ர அம்மா, சொல்லுறா, பிள்ளை பிறக்கும்வரைக்கும் நான் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட அடிக்கக்கூடாதாம். இது உண்மையா, இல்லாட்டி என்னைப் பேய்க்காட்டுறாவா?" நான் "இந்தா, அம்மாவோட கதைச்சுக்கொண்டிரு" என்று போனைக் கொடுத்துவிட்டுப் பின் வளவுக்குப் போய், தேவையில்லாமல் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்த நாள் அது. அப்பா வழக்கம்போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார் என்று நீ நினைத்திருப்பாய். அது அப்படியில்லை. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கக்கூடாதோ அவனிடம் போய்க் கேட்டுவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும். நீ கிளென் வேவர்லியில் ரயில் ஏறுகிற ஆள், முதல் ஸ்டேஷன், இருக்க இடம் கிடைக்கும். இருந்து ஆறுதலாக வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்று என்னை எவ்வளவு திட்டினாய். இன்றைக்கு அதன் பலனை அனுபவி.

எழுபதுகளின் நடுப்பகுதி. நீ பிறக்கவில்லை. அம்மாவும் நானும் நார்த்மீட்டில் இரண்டாம் மாடி ஃபிளாட் ஒன்றில் இருந்தோம். பரமட்டாவில் ஒரு எஞ்சினியர் கந்தோரில் எனக்குப் படம் கீறும் வேலை. பாலம், அணை, குழாய், எதைக் கேட்டாலும் பென்சிலும் அடிமட்டமும் கொண்டு கீறிக் கொடுக்கவேண்டும். அங்கே யாரும் என்னை ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டை என் மேசையிலேயே தனியாகத்தான் சாப்பிட்டேன். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் வட்டமாக இருந்து மீன்பிடியையும் ரக்பியையும் பற்றிக் கதைப்பார்கள். வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நானும் ரோசக்காரன், கூப்பிடாமல் போகமாட்டேன். புளிச்சாதப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, வேலையில் மூழ்கிப்போனவன் மாதிரி நடிப்பேன்.

அந்த வருஷ டிசம்பர்க் கோடையில் அம்மா உன்னைச் சுமக்கத் தொடங்கினாள். அதற்கு முந்திய வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. அதை உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை, இப்போதுதான் சொல்கிறேன். அதனால் இந்தமுறை இரண்டு பேருக்கும் எதைத் தொட்டாலும் பயம். விஷயத்தை ஊருக்கு எழுதியதும், அம்மாவின் அம்மா, என் மாமி, ஒரு நீலக் கடிதம் முழுக்கப் பொடி எழுத்தில் பதில் போட்டிருந்தா. அம்மா செய்யக்கூடாதவை நாலு வரி. நான் செய்யக்கூடாதவை மீதிப் பக்கம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் தலைமயிர் வெட்டக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கடலில் போகக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. படித்த ஆள் என்ற திமிர் எனக்கு, வாசித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மயிர் வெட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் தோள்வரைக்கும் தலைமயிர், அதனால் கந்தோரில் யாரும் கவனிக்கவில்லை. ஓர் இலையான் வீட்டுக்குள் பறந்து வந்தால் ஜன்னலைத் திறந்து, துவாயால் விசிறி விசிறி, அரை மணி நேரம் அதற்கு வழி காட்டுவேன். அம்மா சோபாவில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஜூன் மாதம் பிறந்தது. எங்கள் பகுதித் தலைவர் கெவின் என் மேசைக்கு வந்து நின்றார். அவரும் றொன் என்ற கணக்காளரும் இன்னொருவரும் வருஷாவருஷம் குளிர்காலத் தொடக்கத்தில் ஸ்னோவி மலைப்பக்கம் போய், ஒரு வழிகாட்டியை ஒழுங்கு செய்து, ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பது வழக்கம். அதற்குப் பிறகு, மீன்கள் முட்டையிடுகிற காலம் என்று ஆற்றை மூடிவிடுவார்கள். அந்தமுறை மூன்றாவது ஆளுக்கு முதுகு பிடித்துவிட்டது. "நீ வாறியா?" என்றார் கெவின். மகன், எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசி ஆளாகவாவது பெயர் கூப்பிடப்பட்ட பொடியன் மாதிரி எனக்குச் சந்தோஷம். யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மாவிடம் உள்ளதைச் சொன்னால் தடுக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். "போட்டு வாங்கோ" என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு மூன்று நாளும் பயந்துகொண்டிருப்பாள். அதனால் பொய் சொன்னேன். மலைப்பக்கம் ஓர் அணைக்கட்டைப் பார்த்துப் படம் கீறவேண்டும், கந்தோர் வேலை என்றேன். "எப்ப வருவியள்?" என்று கேட்டாள். "வெள்ளி விடிய வெளிக்கிட்டு ஞாயிறு பின்னேரம் வந்திடுவன்" என்றேன். "குளிருமாம். கழுத்தை மூடிக்கொண்டு திரியுங்கோ" என்றாள். என் மனச்சாட்சிக்கும் ஒரு சமாதானம் சொன்னேன். தூண்டில் தடியைக் கையாலும் தொட்டறியாதவன் நான். எனக்கு எந்த மீன் அகப்படப்போகிறது? சும்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். அதாவது, என் கையாலாகாத்தனத்தை முழுசாக நம்பித்தான் நான் அந்தப் பயணம் போனேன்.

வழிகாட்டி என்றதும் தாடி வைத்த கிழவன் ஒருவனை எதிர்பார்த்தேன். வந்தது ஐலீன் என்ற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வெயிலில் வெடித்த உதடும் ஆண்பிள்ளையின் கம்பளிச் சட்டையுமாக வந்தவள், என்னைப் பார்க்கும் முன் என் சப்பாத்தைப் பார்த்தாள். நல்ல கறுப்புத் தோல் சப்பாத்து, கந்தோருக்குப் போடுவது. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய், மார்புவரைக்கும் வருகிற ரப்பர்க் காற்சட்டை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். சனிக்கிழமை விடியற்காலை அதை மாட்டிக்கொண்டு, யூகம்பீன் ஆற்றங்கரைக்கு நாலு பேரும் நடந்தோம். புல் பனியில் விறைத்து, மிதித்த இடமெல்லாம் அப்பளம்போல நொறுங்கியது. தூண்டில் தடியின் வளையங்களில் பனி கட்டிபட்டு நூல் ஓடவில்லை. ஐலீன் தடியை ஆற்றுக்குள் முக்கி எடுத்தாள், கட்டி கரைந்துவிட்டது. காற்றைவிடத் தண்ணீர் சூடு. அப்படியொரு குளிரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"முதலில் ஒருவரும் தூண்டில் போடவேண்டாம். படுங்கள்" என்றாள். கெவினும் றொனும், கந்தோரில் அதிகாரம் பண்ணுகிற இரண்டு பெரிய மனிதர்கள், மறுபேச்சில்லாமல் பனிப்புல்லில் குப்புறப் படுத்தார்கள். நானும் படுத்துக் கரையின் விளிம்புக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு மடு. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத் தெளிவு. அடியில் சாம்பலும் மண்ணிறமுமாகக் கற்கள். "என்ன தெரிகிறது?" என்று ஐலீன் என்னிடம் கேட்டாள். "கல்" என்றேன். "மீனைத் தேடாதே. கல்லைப் பார்த்துக்கொண்டே இரு" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் கட்டியது. பிறகு ஒரு கல் வாலை அசைத்தது.

அதற்குப் பக்கத்துக் கல்லும் அசைந்தது. அதற்கும் பக்கத்தில் ஒன்று வெள்ளையாக வாயைத் திறந்து மூடியது. ஒரு நிமிஷத்துக்குள், மடுவின் அடித்தளம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் மீன் என்று கண்டேன். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். எல்லாம் ஒரே பக்கம், ஆறு வருகிற பக்கம், முகத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் தள்ளத் தள்ள இருந்த இடத்தை விடாமல் நின்றன. ஒரு சத்தமில்லை. சூரியன் மலைக்கு மேலால் வந்து தண்ணீரில் பட்டதும், அத்தனை முதுகிலும் புள்ளி புள்ளியாக நிறம் ஏறியது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அதே உணர்ச்சி. கை தானாகக் கூப்பிக்கொண்டது. என்னுடைய வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஒன்று, எனக்குத் தெரியாமல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்முன்னால் நின்றிருக்கிறது. றொன் திரும்பிப் பார்த்து, "கை விறைக்கிறதா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

ஐலீன் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவை வருஷம் முழுக்கக் கீழே ஏரியில் வாழ்பவை. குளிர் தொடங்கினால், தாங்கள் பிறந்த அதே கல்லும் மணலும் தேடி ஆற்றில் ஏறி வரும். வரும் வழியில் சாப்பாட்டை மறந்துவிடும். பெண் மீன் வாலால் கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். இப்போது நிற்பவை பழுப்பு ட்ரவுட். வானவில் ட்ரவுட் என்று இன்னொரு சாதி இருக்கிறது, அது இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் ஏறும். அமெரிக்காவில் அந்த வானவில் சாதியில் சிலது கடலுக்கே போய், வருஷக்கணக்கில் அங்கே வளர்ந்து, நடுக்குளிரில் பிறந்த ஆற்றுக்குத் திரும்புமாம். அதற்கு அங்கே ஸ்டீல்ஹெட் என்று பெயராம். "இங்கே வழியில் அணை. அதனால் ஏரிதான் இவைக்குக் கடல்" என்றாள். இரண்டு சாதியும் இந்த நாட்டு மீனே இல்லை, அந்தக் காலத்தில் யாரோ முட்டையாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்களாம். உடனே கெவின் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டாயா, உன்னைப்போலத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக, அவர்கள் சிரிக்கும் இடத்தில் நானும் இருந்தேன்.

எனக்கு ஐலீன் பக்கத்தில் நின்று பழக்கினாள். இறகும் சிவப்புக் கம்பளி நூலும் சுற்றிய ஒரு பொய்யிரை. அதை ஆறு வருகிற பக்கமாக வீசவேண்டும், தண்ணீரோடு வரவிடவேண்டும், காலடி தாண்டியதும் தூக்கி மறுபடி வீசவேண்டும். ஒன்றரை மணி நேரம் வீசினேன். இரண்டு தடவை என் தொப்பியில் மாட்டியது, ஒரு தடவை றொனின் தோளில். நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடக்கிறது என்று மனதுக்குள் சந்தோஷம். பதினொரு மணி இருக்கும், வந்துகொண்டிருந்த நூல் நடுவில் நின்றது. எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்து ஐலீனைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் நூல் சுற்றியிருந்த றீல் அலறத் தொடங்கியது.

அடுத்த கால்மணி நேரத்தை எப்படிச் சொல்வது? தடி வில்லாக வளைந்து என் கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஆற்றுக்குள் இரண்டு தரம் முழங்காலில் விழுந்து எழும்பினேன். "இழுக்காதே, விடு, போகவிடு" என்று ஐலீன் கத்துகிறாள், "இழு" என்று கெவின் கத்துகிறார். திடீரென்று அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. முழு மீனும் அந்தரத்தில். வெள்ளிப் பக்கம், அதன் நீளத்துக்கும் குங்குமத்தை விரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு சிவப்புக் கோடு. நான் "முருகா" என்று சத்தம் போட்டேன். அதன் பலம் முழுவதும் அந்த மெல்லிய நூல் வழியாக என் தோள்மூட்டுக்குள் வந்து அடித்தது. ஓர் உயிர் தன்னை விடு என்று கேட்பதை உடம்பால் உணர்ந்தேன். விட்டுவிடவும் மனமில்லை. பிடிக்கவேண்டும் என்ற வெறி, மகன், மாமியின் கடிதமும் மறந்தது, வீடும் மறந்தது, நீயும் மறந்துபோனாய். அதை மறைக்க விரும்பவில்லை.

ஐலீன் கைவலையில் அள்ளினாள். அள்ளியதும் குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "வானவில்" என்றாள். "இவள் காலத்துக்கு முந்தி வந்துவிட்டாள்." வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி என்னிடம் நீட்டினாள். நான் ஏந்தியபோது, அந்த வயிற்றிலிருந்து முட்டைகள் என் உள்ளங்கையில் விழத்தொடங்கின. தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம், பட்டாணியளவு, ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம். சூடில்லை, குளிருமில்லை. விரல்களுக்கிடையால் வழுகி ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. "உன் மீன். நீதான் சொல்லவேண்டும்" என்றாள் ஐலீன். "நானென்றால் விட்டுவிடுவேன்." பின்னாலிருந்து கெவின், "முதல் மீனை விடுவதா? முதல் மீனைச் சாப்பிடவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்" என்றார். றொன் படம் எடுக்கக் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார்.

விடு என்று ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்டிருப்பார்கள். என் மனுசி பிள்ளைத்தாய்ச்சி, எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று சொல்லவேண்டிவரும். கண்பட்டுவிடும் என்று நீ வரப்போகிற செய்தியையே நான் கந்தோரில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. இங்கிலீஷில், இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் என்னோடு சேர்ந்து சிரித்த மனிதர்கள் முன்னால், மாமியின் கடிதத்தை எடுத்து விளக்க எனக்கு வெட்கம். அவ்வளவுதான் காரணம். பசியா? இல்லை. வெட்கம். "சாப்பிடுவோம்" என்றேன். ஐலீன் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த கட்டைத் தடியை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்படியென்றால் நீயே செய்" என்றாள். இரண்டு அடி. நான்தான் அடித்தேன்.

மத்தியானம் கரையில் நெருப்பு மூட்டி, வெண்ணெய் போட்டுப் பொரித்தார்கள். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெவின் என் தோளில் கைபோட்டு எல்லாருக்கும் கேட்க என்னைப் புகழ்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து நான் ஜன்னல் பக்கம் இருந்துதான் சாப்பிடுவேன் என்று அப்போதே தெரிந்தது. நான் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்கமுடியவில்லை.

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு இத்தாலியக்காரி படியேறி ஓடிவந்தாள். நேற்று உன் மனைவியை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், உனக்கு அறிவிக்க எங்களுக்கு ஒரு வழியும் தெரியவில்லை, பொடியன் பிறந்திருக்கிறான், ஆனால் நல்ல சின்னன், என்று கையால் அளவு காட்டினாள். "நேற்று எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிள்ளை எப்படி என்று கேட்காமல் நேரத்தைக் கேட்கிறானே என்று நினைத்திருப்பாள். "வயிற்று நோ தொடங்கினது பதினொரு மணியிருக்கும்" என்றாள். நீ வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

உன்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மகன், நான் ஆற்றங்கரையில் கண்டது பெரிய காட்சி என்றேனே, இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. என் கைப்பெருவிரல் பருமன் உன் கால். தோலுக்குக் கீழே நீல நரம்பெல்லாம் தெரிந்தது. காதில் மடிப்புக்கூட இன்னும் சரியாக விழவில்லை. ஆனால் நகம் இருந்தது. பத்து விரலிலும் நகம். யாரோ நேரமெடுத்து, ஒவ்வொன்றாகச் செய்து முடித்திருந்தார்கள். நெஞ்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். அலாரம் அடிக்கும். தாதி வந்து சாவகாசமாக உன் உள்ளங்காலில் ஒரு சுண்டுச் சுண்டுவாள். உனக்குக் கோபம் வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி மூச்சு விடுவாய். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அப்படி நின்றாய், எத்தனை தடவை திரும்பி வந்தாய். விரலை உள்ளே விடச் சொன்னாள் தாதி. மூன்று தரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உள்ளே விட்டேன். நீ பிடித்துக்கொண்டாய். எனக்கு மட்டும் அந்த விரலில் மீன் மணந்துகொண்டே இருந்தது. டொக்டர், சிலவேளை இப்படி நடக்கும், காரணம் சொல்லமுடியாது என்றார். எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு விட்டதுதான் மீன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் மீன் சாப்பிடாமல் இத்தனை வருஷம் இருந்தது உங்கள் எல்லாருக்கும் பகிடி; ஏதோ விரதம் என்று நினைத்து அம்மாவும் கேட்காமல் விட்டுவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உனக்கு இருமல் வந்தால் அந்த மீன். நீ நடக்கப் பிந்தியபோது அந்த மீன். நீச்சல் வகுப்புக்கு விடவில்லை. ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதே ஸ்னோவி மலைக்கு முகாம் போனபோது, உனக்கு நெஞ்சில் வருத்தம், மூச்சு இழுக்கிறது என்று டீச்சருக்குப் பொய்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நீ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாய். எங்கே போகிற பஸ் என்று எனக்குத்தானே தெரியும். பதினேழு வயதில், மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறேன் என்று நீ சொல்ல நான் வேண்டாம் என்று சொல்ல, குசினிக்குள் நின்று இங்கிலீஷில் கத்தினாய். "நான் எப்போது சாவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே என்னைப் பார்க்கிறாய். என்னில் என்ன பிழை, அதைச் சொல்லு" என்றாய். நான் சொல்லவில்லை. நீ போய்விட்டாய். கலியாணத்தில் அன்று என்னைக் கட்டிப் பிடித்தபோதும் உன் முதுகு விறைப்பாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா குசினியில் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் இருந்து, உனக்கு இவ்வளவு நேரம் எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அணைக்கட்டுப் பொய்யிலிருந்து இரண்டு அடிவரைக்கும். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏசப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் விழுந்தனான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமை பின்னேரம்" என்றாள். "நீங்கள் வரமுந்தி யன்னல் சீலையெல்லாத்தையும் தோய்ச்சுப் போட்டு வைப்பமெண்டு கதிரையில ஏறினனான். சறுக்கி விழுந்திட்டன். இடுப்பு அடிபட்டது. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. டொக்டருக்கும் சொல்லேல்ல, உங்களுக்கும் சொல்லேல்ல. போனது ஒண்டு காணாதெண்டு இதையும் கொண்டுபோட்டன் எண்டு நினைச்சன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. "நீங்கள் அந்தப் பிள்ளையை ஒவ்வொரு நாளும் பாக்கிற பார்வை இருக்கே, அதைக் கண்டு, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, என்னிலதான் பிழை பிடிக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டே இவ்வளவு காலமும் இருந்திட்டன்" என்றாள்.

முப்பது வருஷம், மகன். ஒரே கட்டில், ஒரே குசினி. அவளுக்கு நான் நீதவானாக இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாமலே. "இல்லையடி, இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள் மூக்கைச் சீறிக்கொண்டு, "அப்ப, எனக்கும் பிள்ளைக்கும் ஒரு சட்டி, உங்களுக்கு ஒரு சட்டியெண்டு, முப்பது வருஷமா என்னை ரெண்டு கறி காய்ச்ச வைச்சது இதுக்கோ?" என்று ஏசத் தொடங்கினாள். நல்ல ஏச்சு. வாங்கிக்கொண்டேன்.

சுபாவின் அம்மா சொல்வது உண்மையா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. உண்மையில்லை என்று சொல்லத்தான் என் படிப்புச் சொல்கிறது, ஆனால் அந்த முட்டைகள் என் கையில் விழுந்ததை நான் கண்டவன், என்னால் அப்படி அடித்துச் சொல்லமுடியவில்லை. விருப்பமென்றால் அந்த மனுசி சொன்னபடி நட, யாருக்கும் நட்டமில்லை. நடக்காமல் விட்டுவிட்டாயோ, அன்றைக்கே சுபாவிடம் சொல். அவளுக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் பயம் ஏதாவது இருக்கும், கேள். கேட்டுவிட்டு எழும்பிப் போகாதே, பக்கத்திலேயே இரு. எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான். அதுவும் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

பதினேழு வயதில் நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னில் ஒரு பிழையும் இருக்கவில்லை, மகன். அந்தப் பெட்டிக்குள் கிடந்த நாளிலேயே ஒரு பிழையும் இருக்கவில்லை. நான் உன்னைப் பயந்து பயந்துதான் பார்த்தேன், அது உண்மை. ஆனால் நீ சாப்பிடும்போது, பந்தடிக்கும்போது, கதவை அடித்துச் சாத்தும்போதுகூட, இவன் இருக்கிறானே, மூச்சு விடுகிறானே என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு வாயடைத்துப்போகும். அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ அதில் பயத்தை மட்டும் கண்டாய். மற்றதும் அதற்குள் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அப்பா